எட்டுச் சாக்குக் கறுப்பு மண்

இரண்டாம் சுற்று மருந்து தொடங்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. மட்டாஞ்சேரியில் வலைக்கடை வைத்திருப்பவன். கயிறு, நைலான் நூல், மிதவை, வலையைத் தண்ணீருக்குள் இழுத்துப் பிடிக்கும் ஈயக்குண்டு, இவற்றைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவேன். மலையாளத்தில் எழுதினால் பிழை குறையும். ஆனால் எங்கள் வீட்டில் பேசுவதும் சண்டை போடுவதும் தமிழில்தான். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மாடியில் மண்ணும் வீட்டில் சின்னப் பிள்ளையும் வைத்திருக்கும் யாராவது படித்தால் போதும்.

என் மகள் நஸ்ரினுக்கு மூன்றரை வயது. சரியான வாயாடி. நான் காலையில் சாயா குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அத்தா, எனக்கும் சாயா, ஆடை வேண்டாம், சூடு வேண்டாம், கப்பு வேணும்" என்று நிபந்தனை போடுவாள். தெருவில் போகிற ஒருவரையும் விடமாட்டாள். மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சாயா வேண்டுமென்றால் கப்பைக் கை காட்டினாள். பிறகு அதுவும் இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் மனைவி ஷமீமாதான் முதலில் கவனித்தாள்.

"ஏங்க, இவ பேசியே ரெண்டு நாளாச்சு."

"பிடிவாதம் பிடிக்கிறா. உன் பிள்ளை வேற எப்படி இருக்கும்?" என்று சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பு காதில் விழுகிறது.

வயிற்று வலி வந்தது. நாலைந்து நாளாக மலம் போகவில்லை. முகம் வெளுத்தது. பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் பார்த்துவிட்டு, சோகை, இரும்புச் சத்து குறைவு என்றார்கள். ஒரு சிரப் எழுதிக் கொடுத்து, கீரை நிறையக் கொடுங்கள் என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் கீரை என் மாடியிலேயே இருந்தது. சிவப்புக் கீரை, ரத்தம் மாதிரி நிறம். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை, தேங்காய் போட்டு, நானே மசித்து ஊட்டினேன்.

அந்தக் கீரை முளைத்த மண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் மண் என்பதே கிடையாது. வாசலில் சிமெண்டு, அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். இந்த மழைக்காலம் தொடங்கும் முன்னால் காயலோரத்தில் ஒரு பழைய ஷெட்டை இடித்துவிட்டுக் கிடங்கு கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். தோண்டிய மண் கரேலென்று குவிந்து கிடந்தது. பார்த்தவுடன் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் பூர்வீகம் அருப்புக்கோட்டைப் பக்கம். கறுப்பு மண் என்றால் கரிசல், கரிசல் என்றால் போட்டது விளையும், இது எங்கள் குடும்பத்தில் கலிமா மாதிரி மாறாத வாக்கு. கேரளத்துச் செம்மண்ணையும் மணலையும் எங்கள் அத்தா மண் என்றே ஒப்புக்கொண்டதில்லை. அந்தக் குவியலைக் கடந்து ஊரே போனது, ஒரு மலையாளி குனிந்து பார்க்கவில்லை. நான் மட்டும் கையில் அள்ளி மோந்து பார்த்தேன். கொஞ்சம் கரிந்த வாடை அடித்தது. தானம் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? ஆட்டோ வைத்து எட்டுச் சாக்கு கொண்டுவந்தேன். "படியெல்லாம் அழுக்கு, இது எதுக்குங்க?" என்று ஷமீமா முணுமுணுத்தாள். "உனக்கு மண்ணோட அருமை தெரியாது" என்றேன். ஆறு சாக்கு எங்கள் மாடிக்கு. இரண்டு சாக்கு அடுத்த வீட்டு நஜீமாவுக்கு. அவள் மாசமாக இருந்தாள், கீரை போட்டுக்கொள்ளட்டும் என்று நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நஸ்ரின் நிற்காமல் வாந்தி எடுத்தாள். ஆட்டோவில் பாலத்தைத் தாண்டி, வெலிங்டன் தீவு வழியாக எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைகள் வார்டு டாக்டரம்மா மலையாளி, கோயம்புத்தூரில் படித்தவர். எங்களோடு கலந்து கட்டித் தமிழ் பேசினார். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரிந்தனவாம். சும்மா சோகைக்கு அப்படி வருவது அபூர்வம் என்றார். இன்னொரு குழாய் ரத்தம் எடுத்து வேறு சோதனைக்கு அனுப்பினார். என்ன சோதனை என்று கேட்டதற்கு, "வரட்டும், சொல்றேன்" என்றார். காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், டிவியில் சத்தமில்லாமல் சமையல் நிகழ்ச்சி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எந்த சிஸ்டர் காகிதத்தோடு வந்தாலும் என் மகளின் சாவுச் செய்தியோ என்று எழுந்து நின்றேன்.

மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் பிள்ளையின் கட்டிலருகே கூப்பிட்டார்.

"குட்டியின் ரத்தத்தில் ஈயம் இருக்கு. அம்பத்தெட்டு. அஞ்சு இருந்தாலே நாங்க கவலைப்படுவோம்."

ஈயத்தால் உடம்புக்கு எந்த உபயோகமும் இல்லை என்றார். ஆனால் உடம்புக்கு அது தெரியாதாம். சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கும், இரும்பு என்று நினைத்து ரத்தத்துக்குள் விடும். சோகை உள்ள பிள்ளை இன்னும் வேகமாக உறிஞ்சும். வயிற்றை இறுக்கும், பேச்சை மந்தமாக்கும். அளவு ஏறினால் மூளை வீங்கும்.

"பேச்சு திரும்பி வருமா டாக்டர்?" என்று ஷமீமா கேட்டாள்.

"பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். இப்ப முக்கியம், எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறது. நீங்க என்ன ஜோலி?"

வலைக்கடை என்றேன். ஈயக்குண்டு விற்கிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். உருக்குவதில்லை, விற்பது மட்டும்தான், கை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்றேன். பழைய பெயின்ட் இருக்கா, பொம்மை, நாட்டு மருந்து, கண்மை, சுர்மா என்று வரிசையாகக் கேட்டார்.

சுர்மா என்றதும் ஷமீமாவின் முகம் மாறியது. உம்ராவுக்கு மக்கா போய் வந்த உறவுக்காரர்கள் கொடுத்த சின்னக் குப்பி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைக்குக் கண்ணில் இழுத்து விடுவாள். சில சுர்மாவில் ஈயம் இருக்கும் என்று டாக்டர் சொல்லி முடிக்கக்கூட இல்லை. நான் குதித்துவிட்டேன்.

"பாத்தியா? இவதான் டாக்டர், இவதான் வைப்பா. எத்தன தடவ சொன்னேன், கண்ட கண்ட சாமானெல்லாம் பிள்ளைக்கு வைக்காதேன்னு!"

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இரண்டு சிஸ்டர்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள், எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஷமீமா குழாயடிக்குப் போய் ஈரத் துணி கொண்டுவந்து தூங்குகிற பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள். அன்று முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இமை சிவந்துவிட்டது.

சாயங்காலம் வயிற்றையும் முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் மகளின் குடல் முழுக்க, உப்பு தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். முழங்கால் எலும்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. கோடு என்றால் பல மாதமாக ஈயம் சேர்ந்திருக்கிறது. புள்ளி என்றால் இப்போதும் எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

"மண்ணு தின்னுமோ குட்டி?"

"சேச்சே, எங்க பிள்ளை அப்படியெல்லாம் இல்ல" என்றேன். என்ன கௌரவம் பாருங்கள்.

"சுர்மாவாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சோகை உள்ள குட்டிக்கு மண்ணு திங்க ஆசை வரும். நாளைக்கு வீட்டுக்குப் போய் சுர்மா, தரைத் தூசி, அவ விளையாடுற இடத்து மண்ணு, எல்லாம் தனித்தனி கவர்ல கொண்டு வாங்க."

முதலில் குடலைக் கழுவ வேண்டும் என்றார்கள். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் விட்டு, உப்புக் கலந்த மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வயிற்றுக்குள் இறக்கினார்கள். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போய், வருவது தெளிந்த தண்ணீராகும் வரை நிறுத்த மாட்டார்கள். நான் அவள் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், குழாயைப் பிடுங்கிவிடாமல். மூன்றரை வயதுக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. அவள் கத்தவில்லை என்பதுதான் என்னைக் கொன்றது. பழைய நஸ்ரினாக இருந்தால் ஆஸ்பத்திரியையே இரண்டாக்கியிருப்பாள். இவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள், சொல் வரவில்லை.

மருந்து இன்னொரு பயம். ஈயத்தைப் பிடித்து மூத்திரத்தில் தள்ளிவிடும் மாத்திரை ஒன்று உண்டு. அந்தச் சமயத்தில் அது கொச்சியில் எங்கேயும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற ஷமீமாவின் அண்ணன் ரஃபீக் மச்சானுக்குப் போன் போட்டேன். சுர்மாதான் காரணம் என்று அவரிடமும் சொன்னேன். "நீங்க பிள்ளைய பாருங்க மாப்ள, நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார். எங்கே கிடைக்கும், என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாந்தி, அதிகத் தூக்கம், வலிப்பு, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் உடனே கூப்பிடுங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதிகத் தூக்கத்துக்கும் சாதாரணத் தூக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு யார் சொல்வது? பிள்ளை கண்ணை மூடினால் தட்டி எழுப்பினேன். மறுபடி மூடினால் மறுபடி எழுப்பினேன். கடைசியில் சிஸ்டர் வந்து என் கையைத் தட்டிவிட்டார். "குட்டி உறங்கட்டே இக்கா! உங்க பயத்துக்கு அவளா மருந்து?" என்றார்.

மறுநாள் காலை வீட்டுக்குப் போனேன். சுர்மாக் குப்பியை எடுத்தேன். தரைத் தூசியைக் கூட்டி எடுத்தேன். பிறகு மாடிக்கு ஏறினேன். கீரை தளதளவென்று நின்றது. ஷமீமா துணி காயப்போடும் கயிற்றுக்குக் கீழே இருந்த சாக்கின் ஓரத்தில், பிள்ளை நின்றால் கை எட்டும் உயரத்தில், குழி குழியாக இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன விரல் அளவு. சாக்குக்குப் பின்னால் அங்கன்வாடியிலிருந்து கொண்டுவந்த ஐஸ்கிரீம் கரண்டி செருகியிருந்தது. கரண்டி கறுப்பாக இருந்தது.

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த மண் பக்கத்தில் உட்காரப் பயமாக இருந்தது.

ஒரு கவரில் மண்ணை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடை வாசலில் ஆன்டணி சேட்டன் நின்றார். வைப்பின் தீவுக்காரர், சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர், என் பழைய வாடிக்கை. என்னோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். பிள்ளை எப்படி என்று கேட்டார்.

"சேட்டா, அந்த இடிச்ச ஷெட்ல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"அதா? அங்கயல்லே ஈயம் உருக்கினது. பழைய பேட்டரிய உடைச்சு, தீயில இட்டு, குண்டு வார்ப்பாங்க. நான் சின்னப்பையனா இருக்கும்போ அப்பனோட குண்டு வாங்கப் போயிருக்கேன். புகை வந்தா கண்ணு எரியும். மண்ணெல்லாம் ஒரே கரி. ஏன் ஹமீதே?"

சும்மாதான் என்றேன்.

கரிசல் இல்லை. கரி. பேட்டரி உடைத்த தூளும், எரிந்த பிளாஸ்டிக்கும், உருக்கி எடுத்தது போக மிச்சமிருந்த ஈயக் கசடும். அதை நான் மோந்து பார்த்து மெச்சி, ஆட்டோவுக்கு வாடகை கொடுத்து, என் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தேன். சோகை என்று சொன்ன பிறகு அதில் முளைத்ததை மசித்து ஊட்டினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்தவன் கதை கேள்விப்பட்டிருக்கிறேன். நான் வாலையும் பிடிக்கவில்லை, பெண்டாட்டியின் கழுத்தைப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கவர்களை டாக்டரிடம் கொடுத்து, "இது மாடி மண்ணு" என்று மட்டும் சொன்னேன். ரிசல்ட் வர நாளாகும் என்றார். ஒருவேளை சுர்மாவாகவே இருக்கட்டும் என்று மனசுக்குள் துஆ கேட்டேன். அல்லாஹ்விடம் இதைவிடக் கேவலமாக நான் எதையும் கேட்டதில்லை. ஷமீமா கட்டிலோரம் உட்கார்ந்து, "என் கையாலேயே வச்சேனே, என் கையாலேயே வச்சேனே" என்று முனகினாள். நான் ஜன்னல் வழியாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் ரஃபீக் மச்சான் மாத்திரையோடு வந்தார். அங்கே இங்கே அலைந்து வாங்கி, ரயிலில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்திருக்கிறார். மாத்திரையை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, மருமகளைப் பார்த்தார். மூக்குக் குழாய் எடுத்த இடத்தில் பிளாஸ்திரி, சிவந்த இமை. அவருக்குத் தாங்கவில்லை. தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"உனக்கு அறிவிருக்கா ஷமீ? படிச்சவதானே நீ? கண்ணுல போய் இதெல்லாம் வைப்பியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தன் கூடப்பிறந்தவனிடமும் அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மச்சான், அவ இல்ல. நான்தான்."

ஷெட்டு, மண், கரண்டி, ஆன்டணி சேட்டன், எல்லாம் சொன்னேன். மச்சான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷமீமா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எப்ப தெரியும்?"

"நேத்து காலையில."

"நேத்து காலையில இருந்து நான் அழுததப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

அவள் எனக்கு முதுகைக் காட்டிப் பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு நேராகப் பேசவில்லை. "சிஸ்டர், அவர சாப்பிட்டு வரச் சொல்லுங்க" என்பாள். பட்டினி போடவும் மனசில்லை, பேசவும் மனசில்லை. மச்சான்தான் எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாத்திரை அழுகிய முட்டை நாறும். உறையைத் திறந்து, தூளை ஜூஸில் கலக்கிக் கொடுக்க வேண்டும். ஐந்து நாள் மூன்று வேளை, பிறகு இரண்டு வாரம் இரண்டு வேளை. நஸ்ரின் துப்பினாள், நாங்கள் மறுபடி கலக்கினோம். அப்படி ஒரு காலையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஷமீமா என்னைப் பார்த்தாள். மூன்றாம் நாள் அது.

"எத்தன வீட்டுக்குக் கீரை குடுத்தீங்க?"

இத்தனை நாளில் என் பிள்ளை, என் குற்றம் என்பதைத் தாண்டி நான் யோசிக்கவேயில்லை. நாலு வீட்டுக்குக் கட்டுக் கட்டாகக் கொடுத்திருக்கிறேன். நஜீமாவுக்கு மண்ணே கொடுத்திருக்கிறேன். டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். மாசமாக இருப்பவளின் ரத்தத்தில் ஈயம் இருந்தால் தொப்புள்கொடி வழியாக உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் போகும் என்றார். "இன்னைக்கே வரச் சொல்லுங்க. எல்லாரையும்."

பிள்ளையை மச்சானிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஷமீமா. ஆட்டோவில் அந்த ஓரத்தில் அவள், இந்த ஓரத்தில் நான்.

நஜீமாவின் வீட்டுக் கதவைத் தட்ட என் கை எழவில்லை. ஷமீமா தட்டினாள். நஜீமா எட்டு மாத வயிற்றோடு வந்து கதவைத் திறந்தாள். அவள் மாமியாரும் பின்னால் வந்து நின்றார். "நஸ்ரின் மோளு எப்படி இருக்கா?" என்று நஜீமா கேட்டாள். அடுப்பில் கீரை வேகும் வாசம் வந்தது. நான் வாயைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. என் மகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஷமீமா சொன்னாள். எதையும் குறைக்காமல், அழாமல், கடை கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். அந்த மண்ணில் விஷம், அந்தக் கீரையை இறக்கிக் கொட்டு, இப்போதே எங்களோடு வந்து ரத்தம் கொடு என்றாள். மாமியாருக்கு முகம் இருண்டது.

"யாரு இந்த மண்ண இங்க கொண்டாந்தது? யாரு புத்தி இது?" என்று கத்தினார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஷமீமா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நாங்க ரெண்டு பேருந்தான் மாமி. நல்ல மண்ணுன்னு நெனச்சுக் கொண்டாந்தோம். எங்க பிள்ளைக்கே போட்டுட்டோம்."

சந்தில் நின்று நான் அழுதேன். வெட்கமாக இல்லை.

இரண்டு வீட்டிலும் மண்ணும் சாக்கும் அப்படியே கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன, எடுத்துப் போக ஆள் வர வேண்டும். ரிசல்ட் வந்தது. சுர்மாவில் ஒன்றுமில்லை, மண்ணில்தான் எல்லாம். மண்ணை எடுக்கும் வரை எங்கள் வீட்டுக்குள் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் எர்ணாகுளம் கலூரில் ஒரு சின்ன அறையில் இருக்கிறோம். முதல் சுற்று முடிந்ததும் அளவு இருபத்தொன்றுக்கு இறங்கியது. மூன்று வாரத்தில் முப்பத்துநாலுக்கு ஏறிவிட்டது. எலும்பில் பதுங்கியிருப்பது மெல்ல ரத்தத்துக்கு வருமாம், அதற்குத்தான் இரண்டாம் சுற்று. நஸ்ரின் இப்போது "அம்மா" என்கிறாள், "வேண்டாம்" என்கிறாள். மற்ற சொற்கள் வருமா, பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு நிற்பாளா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று அவர் நேராகச் சொல்வதால்தான் அவரை நம்புகிறேன்.

நாலு வீட்டாரும் ரத்தம் கொடுத்தார்கள். நஜீமாவுக்குப் பதினாறு. அவள் பிள்ளை பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிக்கப் போகிறார்கள். நேற்று அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஷமீமா அவளோடு பிரசவ வார்டில் இருக்கிறாள். நான் இங்கே தூங்குகிற என் மகளை எழுப்பாமல், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.